ஸ்லைடில் தேடியது

அந்த நாளில் அம்பத்தூரில் தொழிலாளர் குடும்பங்களுக்கான ஒரு டிஸ்பென்சரியில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். வெள்ளைப்படுதல், அரிப்பு என்று வரும் பெண்களுக்கு டாக்டரம்மா பரிசோதனையெல்லாம் எழுத மாட்டார். எடுத்த எடுப்பில், உள்ளே வைக்கும் கூட்டு மாத்திரைதான். பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் ஒட்டுண்ணிக்கும் சேர்த்து ஒரே மாத்திரையில் மருந்து. எது இருந்தாலும் போய்விடும். எது இருந்தது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

எனக்கே வந்தபோது அது பெரிய தொல்லையாகிவிட்டது.

என் கணவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஃபோர்மேன். வீடு நசரத்பேட்டையில். கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த டைப்பிஸ்ட் பெண்ணைத் தினமும் ஸ்கூட்டரில் கள்ளிக்குப்பத்தில் இறக்கிவிட்டுத்தான் வருவார். கள்ளிக்குப்பம் எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்த்திசை. கேட்டால், "பஸ்ஸே வர்ல, பாவம் நின்னுகினு கீது. இட்னு போய் வுட்டா இன்னாம்மே தப்பு?" என்பார்.

அவளை ஒருமுறை பார்த்தேன். இடுப்பைத் தாண்டிய ஜடை. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்த லாவகத்தைப் பார்த்தால் புதுப் பழக்கமாகத் தெரியவில்லை.

டாக்டரம்மா எனக்கு அந்த மாத்திரையை எழுதிவிட்டு, என் கணவர் விழுங்குவதற்கும் ஒன்று எழுதினார்.

"அவருக்கு எதுக்கு டாக்டர்?"

"உனக்குத் தெரியாததா? எல்லாருக்கும் எழுதுறதுதானே."

தெரியும். பூஞ்சை என்றால் புருஷன்மேல் பழியில்லை. தொண்டைப் புண்ணுக்கு நான் விழுங்கியிருந்த ஆன்டிபயாடிக்கே அதற்குக் காரணமாக இருக்கலாம். ஒட்டுண்ணி என்றால் உறவில் தொற்றுவது. மாத்திரையை வைத்தால் சாட்சி கரைந்துவிடும். அன்று வைக்காமல் அரிப்பைப் பொறுத்துக்கொண்டேன்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் போய் லேப்பைத் திறந்து, பஞ்சுக் குச்சியால் எனக்கு நானே ஸ்வாப் எடுத்து, ஒரு சொட்டு உப்புக் கரைசலில் கலந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். பூஞ்சை இழை இழையாகக் கிடந்தது. வேறொருத்தியுடையதாக இருந்தால் அத்தோடு ரிப்போர்ட் எழுதியிருப்பேன். நானோ ஸ்லைடை நகர்த்தி நகர்த்தி, துடித்து ஓடும் ஒட்டுண்ணியைத் தேடினேன். இல்லை. இன்னொரு ஸ்லைடு போட்டேன். அதிலும் இல்லை. அது கண்ணுக்குத் தப்புவது சகஜம் என்று பயிற்சிக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் நான். என் வீட்டு வழக்கில் மட்டும் சுலபமாக விடுதலை கொடுப்பேனா?

அன்றிரவு சாப்பிட உட்கார்ந்த கணவர் முன்னால் அவருடைய மாத்திரையை வைத்தேன்.

"எனக்கு வந்ததுக்கு உங்களுக்கும் மாத்திரை. டாக்டரம்மா குடுத்தாங்க."

"சரி." வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"எதுக்குன்னு கேக்க மாட்டீங்களா?"

"நீ குட்தா சரியாத்தான் இர்க்கும். ரசம் ஊத்துமே."

ஒன்றும் அறியாதவன் எதற்கு என்று கேட்க மாட்டானா? கேட்டிருந்தால், குற்றமுள்ளவன்தான் துருவுவான் என்று நினைத்திருப்பேன். ரசத்தை ஊற்றினேன்.

என் மாத்திரையை நானும் அன்றே வைத்துக்கொண்டேன். அரிப்பு அந்த வாரமே போய்விட்டது. அடுத்த திங்கட்கிழமை அரைநாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு, வேலை விடும் சங்கு ஊதும் நேரத்துக்கு அவர் கம்பெனி கேட்டுக்கு எதிரில் போய் நின்றேன்.