முதல் இழுப்பிலேயே ஸ்டார்ட் ஆன மிஷின்

சபையாரே, ஆண்டவர் எனக்குச் செய்த உதவியைச் சொல்ல வந்திருக்கிறேன். இதில் என் புத்திசாலித்தனம் எதுவும் கிடையாது. கேட்டு முடித்ததும் நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்.

போன வருடம், ஈஸ்டர் கழிந்த இரண்டாவது வாரம். மாதனூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனி வளாகத்தில் மரங்களைக் கழித்துவிடும் வேலை எங்களுடையது. நான் மேலே ஏறுவேன். என் மனைவி எஸ்தர் கீழே கிளைகளை இழுத்து அடுக்குவாள். என் உடம்பைப் பார்த்தவர்கள் அந்த மரங்களுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய கிளைதான் தொல்லை. கொளுத்தினால் புகை, விட்டால் பாம்பு. மேனேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "சாமுவேலு, அடுத்த மாசம் ஒரு கிளை தரையில கெடந்தாலும் நான் வேற ஆளைப் பாத்துக்குவேன்."

வருடம் முழுக்கச் சோறு போடும் வேலை அது ஒன்றுதான். இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறேன். அன்று மரத்தின் மேலேயே உட்கார்ந்து அழுதேன். கீழே எஸ்தர் தூறல் போடுகிறது என்று நினைத்தாளாம்.

கிளையை வாயில் கொடுத்தால் தூளாக்கித் துப்பும் சிப்பர் மிஷின் ஒன்று இருந்தால் பிழைத்தோம். புதிது நமக்கு எட்டாது. குடியாத்தம் ரோட்டில் பழைய மிஷின் விற்கும் ஒரு ஷெட்டில் பச்சை பெயிண்ட் மின்ன ஒன்று நின்றது. பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை மாதிரி, கலரைப் பார்த்ததுமே விழுந்துவிட்டேன்.

மிஷினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் காலத்தில் ஒருவர் ஆட்டுத்தோலை விரித்து ஆண்டவரிடம் அடையாளம் கேட்டார். நானோ தோல் பதனிடும் ஊர்க்காரன், விடுவேனா? மிஷின் மேல் கை வைத்து, "ஆண்டவரே, இது உம்முடைய சித்தமானால் நாளைக் காலையில் முதல் இழுப்பிலேயே ஸ்டார்ட் ஆகட்டும்!" என்று ஜெபித்தேன். நம் சபையில் மெதுவாக ஜெபித்தால் காய்ச்சலா என்று கேட்பீர்களே, அந்தப் பழக்கம். ரோட்டில் போன பஸ்ஸுக்கே கேட்டிருக்கும். பக்கத்தில் நின்ற ஷெட்காரர் "ஆமென்" வேறு சொன்னார். அவர் நம் சபைக்காரர் இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் போனால், எனக்கு முன்பே ரஃபீக் பாய் அங்கே நிற்கிறார். எங்கள் தெருக்காரர். தோல் சீவும் மிஷின்களுக்கு பிளேடு மாட்டும் மெக்கானிக்.

"இன்னா பாய், இங்க?"

"தங்கச்சி போன் பண்ணுச்சு. 'அண்ணே, மொத இழுப்புலயே ஸ்டார்ட் ஆவணும்னு இவரு ஜெபம் பண்ணிட்டாரு, இனிமே கண்ண மூடிக்கினு வாங்கிடுவாரு, நீங்க கொஞ்சம் போய் நில்லுங்க'ன்னுச்சு."

எனக்கு ரோஷம் வந்தது. எஸ்தருக்கு விசுவாசம் கம்மி என்று நினைத்தேன்.

ஷெட்காரர் கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பு. டுர்ர்ர்! நான் இரண்டு கையையும் தூக்கி "அல்லேலூயா!" என்றேன். டீக்கடையில் ஒருவர் கிளாஸைத் தவற விட்டார்.

பாய் மிஷினை நிறுத்தச் சொன்னார். "சாமு, நீ வர்றதுக்கு முன்னாலயே நான் கை வெச்சுப் பாத்துட்டேன். இன்ஜின் அடுப்பு மாதிரி சுட்டுது." பிறகு ஷெட்காரரிடம் திரும்பினார். "ஏங்க, அவன் ஆண்டவர்கிட்ட கேட்டதை நீங்க குடுத்துட்டீங்களா?"

ஷெட்காரர் சாலையைப் பார்த்தார். சூடான இன்ஜின் எந்தக் கிழமானாலும் ஒரே இழுப்பில் எழுந்துவிடுமாம். எனக்கு அது அன்றுதான் தெரியும்.

பாய் மூடியைக் கழற்றி, பிளேடு மாட்டியிருக்கும் வட்டத்தட்டை நகத்தால் சுரண்டினார். பெயிண்டுக்கு அடியில், ஓட்டை அடைக்கப் பூசும் பட்டி. பட்டிக்கு அடியில், போல்ட் ஓட்டையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு விரிசல்.

"இது சுத்துற வேகத்துல பிளேடு புட்டுக்குனு வந்தா, கிளை குடுக்குறவங்க மேலதான் பாயும்," என்றார் பாய். "யாருப்பா கிளை குடுக்கப்போறது?"

எஸ்தர்தான். அவ்வளவு சத்தமாக ஜெபித்த வாய்க்கு, அன்று "ஸ்தோத்திரம்" என்ற ஒரு வார்த்தைதான் வந்தது. அதுவும் காற்றாக.

நான் அடையாளம் கேட்டேன். ஆண்டவர் ஆளை அனுப்பினார். அந்த ஆள் எந்தக் கூரையின் கீழ் தொழுகிறார் என்று அவர் பார்க்கவில்லை. நான் யார் பார்க்க?

நான்காம் நாள், விரிஞ்சிபுரம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் இன்னொரு மிஷின். துரு ஏறி, குளிக்காத எருமை மாதிரி நின்றது. பாய் இன்ஜினைத் தொட்டார், ஜில்லென்று இருந்தது. மூன்றாவது இழுப்பில்தான் இருமிக்கொண்டு எழுந்தது. தட்டில் விரிசல் இல்லை, பிளேடு நேர். மட்டையைக் கொடுத்தால் ஒரே அளவாகத் தூள் கொட்டியது. "மூஞ்சிதான் பேஜாரு, உள்ள தங்கம். எடுத்துக்கோ," என்றார் பாய். எடுத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் மேனேஜர் வளாகம் முழுக்கச் சுற்றி வந்தார். தரையில் ஒரு கிளை இல்லை. "கிளையெல்லாம் எங்கேம்மா?" என்றார். மரத்தடிகளில் மெத்தை போல் பரப்பியிருந்த தூளைக் காட்டி, "வந்த எடத்துக்கே போயிடுச்சு சார்," என்றாள் எஸ்தர். சபையாரே, பெருமை பாவம் என்று தெரியும். ஆனாலும் அன்று நான் அரை அடி உயரமாகத்தான் நின்றேன். இப்போது இன்னும் இரண்டு கம்பெனிகள் எங்களைக் கூப்பிடுகின்றன. ஜெபத்தில் இப்போதெல்லாம் ஆண்டவருக்கு நான் வழி சொல்லிக்கொடுப்பதில்லை.

கஷ்டத்தில் இருப்பவர்களே, கேளுங்கள். அவர் கொடுப்பார். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் வாசல் வழியாகத்தான் வருவார் என்று மட்டும் நினைக்காதீர்கள். நம்பாதவர்கள் ஆராதனை முடிந்ததும் வெளியே வாருங்கள், மிஷினைக் கொண்டுவந்திருக்கிறேன். பக்கத்தில் எஸ்தர் நிற்பாள். அவளுக்குக் கைகொடுத்துப் பாருங்கள். பத்து விரலும் இருக்கும். அதுதான் என் சாட்சி.