இரண்டு பாடமும் எடுத்தவள்

நான் பௌதிகம் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் இன்று பெற்றார் சந்திப்பு. பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி தகப்பனோடு வந்து முன்னால் இருந்தாள். அவருடைய ஜாக்கெட்டில் பொரித்த எண்ணெய் மணத்தது.

அப்பாவும் அப்படித்தான் மணப்பார். நான் படிக்கிற காலத்தில் ஒருநாள், ஜேர்மனியின் வுப்பர்டால் நகரத்தில் உணவகச் சமையலறையில் வேலை முடித்து, நேரே என் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார். நான் அங்கே புதிது. கணிதம், பௌதிகம் இரண்டையும் உயர்நிலையில் எடுத்திருந்தேன். முதல் பௌதிகச் சோதனையில் பதினைந்துக்கு நான்கு புள்ளி.

"இரண்டும் இவளால் முடியாது. பௌதிகத்தை விடட்டும்" என்று பௌதிக ஆசிரியை டொச் மொழியில் சொன்னார்.

வீட்டுக்கு வரும் கடிதத்திலிருந்து டொக்டர் சொல்வது வரை அப்பாவுக்கு மொழிபெயர்ப்பது நான்தான். "இன்னும் கொஞ்சம் படிக்கட்டாம் அப்பா" என்றேன்.

அப்பா தலையாட்டினார். பஸ் தரிப்பிடத்துக்கு வந்த பிறகுதான் கேட்டார்.

"பௌதிகத்தை விடப் போறியோ பிள்ளை?"

நான் மாத்திச் சொன்னது அவருக்கு விளங்கியிருந்தது. எனக்கு முகம் சுட்டது. "இல்லை அப்பா."

"அப்ப படி. அடுத்தமுறை அவ சொல்லுறதை மாத்தாமல் எனக்குச் சொல்லக்கூடிய மாதிரி புள்ளி எடு."

அந்த வருடம் முழுக்க, பஸ்ஸிலும் மடியில் கொப்பியை வைத்துக் கணக்குச் செய்தேன்.

இன்று நான் நான்கு வசனத்தில், இவளும் இரண்டு பாடமும் எடுத்திருக்கிறாள், சுமை கூடிப்போச்சு, ஒரு பாடத்தை விடலாம் என்று சொன்னேன். மகள் அதைத் தகப்பனுக்கு அரபியில் ஒரே வசனத்தில் சொல்லி முடித்தாள். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

நான் எதையும் திருத்தவில்லை. "திங்கட்கிழமை வகுப்பு முடிய பௌதிகக் கொப்பியோடு நில்லு" என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.