நாய்ப் பக்கம் ஓடியவள்

செவிலிமேட்டு நாய்களுக்கு என்மேல் என்ன கோபம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பால் பாக்கெட் வாங்கப் போகிறவர்களை விட்டுவிடும். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பையன்களை விட்டுவிடும். நாற்பது தாண்டிய ஒரு பொம்பளை பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு, யாரும் துரத்தாமல் தானாக ஓடினால் மட்டும் அவற்றுக்குப் பொறுக்காது. ஓட ஆரம்பித்த முதல் வாரமே தெருமுனையில் என்னை வளைத்துக்கொண்டன. கையில் ஒரு கல்கூட இல்லை. 'ஐயோ' என்று கத்த வாய் வந்தது, மானம் விடவில்லை.

அப்போதுதான் அவள் வந்தாள். நடந்துதான் வந்தாள், சக்கரைக்காக டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தாராம். துப்பட்டாவைக் குறுக்கே இழுத்து இடுப்பில் முடிந்திருந்தாள். "இன்னாடா, இன்னா உங்களுக்கு? போங்க, போய் வேலையைப் பாருங்க" என்று வீட்டுப் பிள்ளைகளை அதட்டுகிற குரலில் நாய்களிடம் சொன்னாள். அவையும் ஏதோ வேலை இருப்பதுபோலக் கலைந்து போயின. பிறகு என்னைப் பார்த்து, "தனியா ஓடுனா துரத்தும்க்கா. ரெண்டு பேரா ஓடுனா கம்முனு கெடக்கும்" என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை. மறுநாள் மகனுடைய பழைய ஷூவை மாட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

அவள் எங்கள் குடியிருப்புக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த தறிக்காரர் வீட்டுப் பெண். பகல் முழுக்கத் தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்திருப்பவளுக்குக் காலையில் கொஞ்ச நேரம் கால் தரையில் பட்டால் போதும், அப்படி ஒரு சந்தோஷம். எப்போதும் என் இடப்பக்கம்தான் ஓடுவாள். நாய்கள் படுத்துக் கிடப்பது அந்தப் பக்கம். அதற்கு நாய்ப் பக்கம் என்று பேரே வைத்துவிட்டோம். திரும்பி வரும்போது அவை எழுந்து குப்பைத்தொட்டியைத் தேடிப் போயிருக்கும். அப்போதும் அவள் இடப்பக்கத்தை விடமாட்டாள். கேட்டால், "பழகிப்போச்சுக்கா, வுடு" என்பாள்.

பாலாற்றுப் பாலம் வரை ஓடி, திரும்பும்போது அவள் தெரு வழியாக வருவோம். அங்கே விடிகாலையில் யாராவது பாவு போட்டிருப்பார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, சிக்கெடுத்து, அறுந்த இழைகளை முடிகிற வேலை. வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். அந்தப் பாவைத் தாண்டக் கூடாது. குனிந்து அடியில் நுழையவும் கூடாது. கோடி வரைக்கும் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். நானோ தாமல் பக்கத்து விவசாயக் குடும்பம். வரப்பையும் வாய்க்காலையும் தாண்டித் தாண்டியே வளர்ந்தவள். முதல் நாள் யோசிக்காமல் காலைத் தூக்கிவிட்டேன். "தாண்டாதக்கா!" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. தூக்கிய கால் தூக்கியபடி நின்றேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. போகிற வழியில் அறுந்த இழை கண்ணில் பட்டால் பார்க்காததுபோலப் போகக் கூடாது, பாவுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவள் சொல்லிவிட்டுப் போகிற ஆளும் இல்லை. வியர்வைக் கையைத் துப்பட்டாவில் துடைத்துவிட்டு, அந்த நுனியைத் தேடிப் பிடித்து முடிந்துவிட்டுத்தான் வருவாள். நான் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டு, "நீ ஓட வந்தியா, நெசவுக்கு வந்தியாடி?" என்று கத்துவேன். "கண்ணுல பட்டுட்டுதே, இன்னா பண்றது" என்பாள். அவளோடு ஓடிய நான்கு வருடத்தில் ஒரு நாளாவது நிற்காமல் வீடு வந்து சேர்ந்ததாக எனக்கு நினைவில்லை.

தீவுக்குப் போகும் யோசனை அவளுடையதுதான். அந்தமானில் யாரோ வெள்ளை மணலில் ஓடுவதைப் போனில் பார்த்துவிட்டாள். அவள் கடல் பார்த்தது மகாபலிபுரத்தில், அதுவும் எல்லாருடைய செருப்பையும் பையையும் காவல் காத்துக்கொண்டு. "ஒரே ஒரு தடவ கடலோரமா ஓடணும்க்கா. பை தூக்காம, புள்ளைங்களப் பார்த்துக்காம, சும்மா ஓடணும்" என்றாள். அன்றிலிருந்து எங்களுக்கு அதுவே பேச்சு. இரண்டு குடும்பமும் சேர்ந்து போவது, ஆம்பளைகள் தூங்கட்டும் என்று விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் விடியும்போது மணலில் இறங்குவது, ஷூவோடு ஓடுவதா வெறுங்காலோடா என்பது வரை பேசி முடித்துவிட்டோம். வீட்டுக்காரர்களிடம் கடைசியாகத்தான் சொன்னோம்.

அந்த நேரம் பார்த்து பெங்களூரில் இருந்த அவள் மகளுக்கு நாள் நிறைவதற்கு முன்னாலேயே பிரசவம் ஆகிவிட்டது. குழந்தை ரொம்பச் சின்னது. "மூணு மாசத்துல வந்துடறேன்க்கா" என்று பஸ் ஏறினாள். மூன்று மாதம் ஆனது. மகளுக்கு லீவு முடிந்தது, குழந்தையை யாரிடம் விடுவது என்றார்கள். பிறகு மழைக்காலம் வந்தது, குழந்தைக்குச் சளி என்றார்கள். நான் தெருவில் ஓடுவதையே விட்டுவிட்டேன். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவள் வந்ததும் ஓடிக்கொள்ளலாம், அதுவரை கால் மரத்துப் போகாமல் இருந்தால் சரி என்று நினைத்துக்கொண்டேன். தீவுப் பயணத்தையும் இரண்டு முறை தள்ளிப்போட்டேன்.

மூன்றாவது முறை என் வீட்டுக்காரர் பொறுமை இழந்துவிட்டார். "அவங்க வர்றப்ப வரட்டும்மா. பொண்ணுக்குக் காலேஜ் தொறந்துடும். நாம குடும்பமா ஒரு எடத்துக்குப் போயி எவ்ளோ காலமாச்சு?" என்றார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனாலேயே எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. போனில் அவளிடம் சொன்னபோது, "போய்ட்டு வாக்கா. எனக்குக் கடலக் காட்டு, அது போதும்" என்றாள். வேண்டுமென்றே சிடுசிடுவென்று பேசி போனை வைத்தேன்.

தீவில் என் வீட்டுக்காரரும் மகளும் குழந்தைகளாகிவிட்டார்கள். படகில் வரும்போதே அவர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துப் பக்கத்து இருக்கைக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தார். அங்கே நம் ஊரைவிடச் சீக்கிரமாகவே பளிச்சென்று விடிந்துவிடுகிறது. முதல் நாள் காலை அவர்கள் தூங்கிக்கொண்டிருக்க, நான் வெறுங்காலோடு மணலில் இறங்கி அவளுக்கு வீடியோ கால் போட்டேன். உடனே எடுத்தாள். தோளில் குழந்தை, பின்னால் பெங்களூர் வீட்டு பால்கனிக் கம்பி. கடலைத் திருப்பிக் காட்டினேன். "ஐயோ, இன்னாக்கா இது, பச்சையா இருக்குது!" என்றாள். பிறகு, "பேசிக்கினு நிக்காத. ஓடு. நானும் வரேன்" என்றாள்.

முன்னால் இருக்கிற மணல் அவளுக்குத் தெரியும்படி போனை இடக்கையில் தோள் உயரத்துக்குப் பிடித்துக்கொண்டு ஓடினேன். "மூச்சு வாங்குது, மெதுவா" என்றாள். மாடியில் சுற்றிச் சுற்றி என் மூச்சு கெட்டுப்போயிருந்தது. அவள் அதைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டாள். "நீ வா, சரியாயிடும்" என்றேன். அலை காலை நனைத்துவிட்டுப் போனது. அப்புறம் அவள் சொன்னாள்: "நான் வரமாட்டேன்க்கா. புள்ள பள்ளிக்கூடம் போறவரைக்கும் இங்கதான். அவரும் அடுத்த மாசம் வந்துடறாரு. தறிய அவரு தம்பி ஓட்டிக்குவாரு. வூட்ட வாடகைக்கு வுட்டாச்சு. உன் மூஞ்சப் பார்த்துச் சொல்ல முடியல, அதான் நீ ஓடறப்ப சொல்றேன்."

நான் நிற்கவில்லை. நின்றால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. ஓடிக்கொண்டே, "சரி" என்றேன். "சரிடி. புள்ளையப் பாத்துக்கோ" என்றேன்.

அப்போது குறுக்கே ஒரு கயிறு வந்தது. தண்ணீரில் நின்ற படகிலிருந்து கரைத் தென்னை மரம் வரைக்கும் முழங்கால் உயரத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். என் கால்கள் தானாக நின்றன. அதே நேரம் போனிலிருந்து, "தாண்டாதக்கா!" என்று சத்தம் வந்தது. குழந்தை பயந்து வீறிட்டது. படகுக்காரர் தமிழர்தான். "சும்மா கயிறுதாம்மா, தாண்டிப் போங்க" என்றார். எனக்குக் கால் எழும்பவே இல்லை. தென்னை மரம் வரைக்கும் மேடேறிச் சுற்றினேன். அவர் என்னைப் பைத்தியம் என்றே முடிவு கட்டியிருப்பார். மரத்தடியில் முடிச்சுக்குப் பக்கத்தில் கயிற்றின் ஒரு புரி அறுந்து பிரிந்திருந்தது. "அண்ணே, இங்க அறுந்திருக்குது பாருங்க" என்றேன். அவர் வந்து தடவிப் பார்த்து, "அட, ஆமா" என்று அவிழ்த்துக் கட்டத் தொடங்கினார். குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்தவள் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "நீ ஓடப் போனியா, நெசவுக்குப் போனியாக்கா?" என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. சிக்னல் போய்விட்டது.

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் தானாக எழுந்து வந்தார். என் முகத்தைப் பார்த்து என்ன புரிந்துகொண்டாரோ, "நானும் ஓடறேன்" என்றார். தொந்தியைப் பிடித்துக்கொண்டு என் இடப்பக்கம் வந்து சேர்ந்தார். "அந்தப் பக்கம் வாங்க" என்றேன். கோபமாகத்தான் வந்தது குரல். அவர் ஏன் என்று கேட்கவில்லை. பின்னால் சுற்றி வலப்பக்கம் வந்து, கொஞ்ச தூரம் மூச்சிரைக்க ஓடினார். அந்த மனுஷனை அன்றைக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனாலும் இடப்பக்கத்தை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

தீவிலிருந்து கிளம்பும் முன் அவள் போனில் ஒரு தடவை பேசினாள். பாலாற்றில் தண்ணீர் வந்ததா, அவள் தெருவில் யார் பாவு போடுகிறார்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டு, "மாடில சுத்தாதக்கா, தலதான் சுத்தும். தெருவுல எறங்கி ஓடு. நாயிங்களக் கேட்டேன்னு சொல்லு" என்று வைத்தாள்.

ஊர் திரும்பிய மறுநாள் இருட்டு பிரியும்போது ஷூவை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். பழைய இடத்தில்தான் படுத்திருந்தன. என் காலடி கேட்டதும் எழுந்தன. குரைக்கும் என்று பார்த்தேன், குரைக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. காதை நிமிர்த்திக்கொண்டு எனக்கு இடப்பக்கமே பார்த்தன, வாலை மெல்ல ஆட்டிக்கொண்டு.

"ஊருக்குப் போயிருக்கா" என்றேன். "வந்துடுவா. போங்க, போய் வேலையைப் பாருங்க."

அவை நம்பிக் கலைந்து போயின. நான்தான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.