ஜகடையில் போட்ட கணக்கு

எங்கள் அப்பா சைதாப்பேட்டை கோர்ட்டில் குமாஸ்தா. மயிலாப்பூரில் வாடகை வீடுதான். ஆனாலும் மாப்பிள்ளையை ஆத்தோடு வைத்துக்கொண்டு காலேஜில் படிக்க வைத்தவர் எங்கள் தெருவில் அவர் ஒருத்தர்தான். எனக்கு அதில் கர்வம் உண்டு. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்; என் அகத்துக்காரர் இன்டர்மீடியட்.

பௌதிகத்தில் மட்டும் அவர் ஒரு தடவை தேறவில்லை. "இந்தத் தடவையும் போச்சுன்னா ரெண்டு பேரும் ஊருக்கு ரயிலேறுங்கோ" என்று அப்பா எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டார். என் அகத்துக்காரர் ரசஞ்சாதத்தைப் பிசைந்துண்டே இருந்தார்.

காலேஜில் கணக்குக் கொடுத்து அனுப்புவார்கள். ஒரு கப்பி, அதன்மேல் கயிறு, ரெண்டு நுனியிலும் எடை, ஒரு பக்கம் கொஞ்சம் கூட. விட்டால் கனமானது என்ன வேகத்தில் இறங்கும்? எத்தனை தரம் போட்டாலும் அவர் விடை புத்தகத்தோடு ஒத்துவரவில்லை. ஒருநாள் அம்மா கோவிலுக்குப் போனதும் என்னைக் கூப்பிட்டார்.

"வாயேன், நம்மாத்துக் கிணத்து ஜகடையிலேயே பார்த்துடலாம்."

கயிற்றின் ஒரு நுனியில் என் சீர்க்குடம். மறு நுனிக்கு அம்மாவின் மடிக்குடம். அம்மா குளித்துவிட்டு ஈரப்புடவையோடு சமையலுக்குத் தண்ணீர் எடுப்பது அதில்தான். வேறு யாரும் தொடக்கூடாது.

"ஏன்னா, அதைப் போய்த் தொடலாமா?"

"அதோட கனம்தான்டி சரியா இருக்கு."

அப்பாவின் கடிகாரத்தைக் கேட்க பயம். அதனால் தொடையில் ஆதி தாளம் போட்டு நேரம் பார்ப்பதாக ஏற்பாடு. பெரியதான என் குடம் மேலே, சின்னதான மடிக்குடம் கிணற்றுக்குள்ளே. கயிற்றைப் பிடித்திருந்தவள் நான். "விடு" என்றார், விட்டேன்.

தட்டிவிட்டுச் சுண்டுவிரலை எண்ணுவதற்குள் பெரியது தண்ணீரில் விழுந்தது. சின்னது விர்ரென்று ஏறி ஜகடையில் மோதி நசுங்கி, முடிச்சு நழுவி, அதுவும் உள்ளே.

குடத்தை எடுக்கப் பாதாளக் கரண்டி பக்கத்தாத்து மாமியிடம்தான் இருந்தது. கரண்டியோடு மாமியும் வந்தாள், மாமிக்குப் பின்னால் தெருவே வந்தது. கோவிலிலிருந்து அம்மாவும், திண்ணையிலிருந்து அப்பாவும் வந்துவிட்டார்கள்.

"மடிக்குடத்தை யார் தொட்டா?" என்றார் அப்பா.

நான் என் அகத்துக்காரரைப் பார்த்தேன். அவர் கிணற்றைப் பார்த்தார்.

"நான்தாம்பா. கை வழுக்கிடுத்து."

"மடி விழுப்புத் தெரியாத பொண்ணைப் பெத்திருக்கேனே!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆம்படையான் படிக்கற அழகைப் பார்த்துண்டே தண்ணி எறைச்சியோடி?" என்றாள் மாமி. எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

சாயங்காலம் காகிதத்தோடு ஓடி வந்தார். "வந்துடுத்துடி! கீழே போற குடத்தை மட்டுமே கணக்குல சேர்த்துண்டிருந்தேன். மேலே வர்றதையும் அதுதானே இழுக்கறது, ரெண்டையும் கூட்டணும்!" அத்தனை சந்தோஷமாக அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. நிமிர்ந்து பார்க்க எனக்குத்தான் கூசியது.

அந்த வருஷம் தேறிவிட்டார். வீடு வீடாகக் கல்கண்டு கொடுக்க ரெண்டு பேருமாகப் போனோம். மாமி எடுத்துக்கொண்டு, "நீயும் இனிமே கயித்தைக் கெட்டியாப் பிடிக்கக் கத்துக்கோ" என்றாள். சரி மாமி என்றேன். தட்டை ஏந்திக்கொண்டு அவர் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.