நான்கு காலிக் கட்டங்கள்

சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவுகிறார் அந்த அதிகாரி. கீழே சமையலறைச் சுவரில், தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதென்று காட்டும் மீட்டர் பச்சை விளக்கோடு மினுக்குகிறது. அவரே ஆசையாக வாங்கி மாட்டியது.

"ஏங்க, மீட்டர்தான் முக்கால்னு காட்டுதே, அப்புறம் எதுக்கு ஏணி?" என்று மனைவி கீழிருந்து கத்துகிறாள்.

"மீட்டரை நம்பித் தலைக்குச் சோப்புப் போட முடியுமா?"

அலுவலகத்தில் அவருக்குச் 'சதவீதம்' என்று பெயர். ஆற்றின் நெடுகிலும் உள்ள நூற்றுப் பதினாறு நீர்மட்ட நிலையங்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்த்து மார்க் போடுவது பிழைப்பு. ஆற்றையே பார்த்ததில்லை என்று சொன்னால் பாவம். ரயிலில் போகும்போது பார்த்திருக்கிறார், அதுவும் எதிர் ஜன்னல் வழியாக. நிலையம் அனுப்பும் எண் அவருடைய அட்டவணைக் கட்டத்தில் விழுந்தால் பச்சை, விழாவிட்டால் சிவப்பு. எண் சரியா என்று கேட்டால், "அது வேற செக்‌ஷன்" என்பார்.

இந்த வருஷம் முதலிடம் ஆற்று வளைவில் இருக்கும் கருவிக்கு. எட்டு மாதமாக மணிக்கொரு எண், ஒன்றுகூடத் தவறவில்லை. அத்தனையும் இரண்டு புள்ளி நான்கு. வெள்ளம் வந்த அன்றும் இரண்டு புள்ளி நான்கு. "என்ன ஒழுக்கம் பாருங்க!" என்று பூரித்துப்போய், சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் தயார் செய்துவிட்டார்.

கடைசி இடம், அதற்குக் கீழே பாலத்தடியில் அளவுகோலைப் பார்த்துப் போனில் சொல்லும் பெண்ணுக்கு. வெள்ளத்தன்று அவள் கட்டங்கள் நான்கு காலி. அவளுடைய நிலையத்தை மூடும் உத்தரவு மேசைமேல் கிடந்தபோது, அவளே வந்து நின்றாள்.

"அன்னிக்குத் தண்ணி அளவுகோலையே முழுங்கிடுச்சு சார். எந்த எண்ணைச் சொல்றது? 'கோல் தெரியல, மேடேறுங்க'ன்னு கரையோரத்து ஆளுங்களுக்குப் போன்ல கத்தினேன். கரையோரத் தெருவுல முன்னூறு வீடு. அதைக் கேட்டுத்தான் குழந்தைங்களைத் தூக்கிட்டு ஓடினாங்க."

"கத்தினதுக்கு நம்மகிட்ட கட்டம் இல்லையேம்மா."

"உங்க முதல் மார்க் மெஷின் மணல்ல புதைஞ்சு கிடக்கு சார். ஆறு தள்ளிப் போயி எட்டு மாசம் ஆச்சு. ஒரு தடவை வந்து பாருங்களேன்."

"புதைஞ்சு கிடந்தும் அனுப்புது பாருங்க, அதுதாம்மா கடமை!"

"அடுத்த வெள்ளத்துக்கு அந்தத் தெருவுக்கு யாரு சொல்வா?"

"மெஷின் சொல்லும்."

"என்னன்னு? ரெண்டு புள்ளி நாலுன்னா?"

அவர் உத்தரவை அருகே இழுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். வேறொரு தாளின் ஓரத்தில் இரண்டு முறை கிறுக்கி, மை ஒழுங்காக வருகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வந்தது. கையெழுத்துப் போட்டார்.