சிவப்பு வயர் எந்தக் கையில்?

எனக்கு வயது எழுபத்தொன்று. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு – நாத்தனார் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து. கையெழுத்து மட்டும் போடுவேன். வாரா வாரம் நான் சொல்லச் சொல்ல, பேத்தி செல்வி பத்திரிகைக்கு எழுதுகிறாள். ஆறு பேரை வளர்த்த இந்த இதயம் கெட்டுப்போய்விட்டதென்று போன செவ்வாய்க்கிழமை ஒரு மெஷின் சொன்னது.

வலது கண்ணில் புரை. கேரளப் பக்கம் வண்டன்மேட்டில் கண் கேம்ப். ஆபரேஷனுக்கு முன்னால் இசிஜி எடுக்க வேண்டுமாம். அந்த மெஷின் சின்னப் பெட்டிதான். ஆயிரக்கணக்கானவர்களின் இதயத் துடிப்பைப் பார்த்துப் பார்த்து, தானே கற்றுக்கொண்டதாம்.

இருக்கட்டும். நானும் ஏலக்காயைப் பார்த்துப் பார்த்துத்தான் தரம் பிரிக்கக் கற்றுக்கொண்டேன். ஆனால், மூட்டையை யார் கட்டினது என்று கேட்காமல் கை வைக்க மாட்டேன்!

காகிதம் வந்தது. மலையாளத்து நர்ஸ் பெண்ணின் முகம் மாறியது.

"பேடிக்க வேண்டா அம்மச்சி, பயப்படாதீங்க... முன்னே ஒரு அட்டாக் வந்திருக்குன்னு காட்டுது. இப்போ கண் ஆபரேஷன் நடக்காது."

மருமகள் ராணி அழ ஆரம்பித்துவிட்டாள். "அத்தே, எங்ககிட்ட சொல்லவே இல்லையே?"

"தலைவலி வந்தாலே ஊரைக் கூட்டுறவ நான். அட்டாக் வந்தா சும்மாவா இருப்பேன்?"

பிறகு நர்ஸிடம் கேட்டேன். "எனக்கு முன்னால படுத்த பேச்சியம்மாளுக்குச் சிவப்பு வயரு சோத்தாங்கையில இருந்துச்சு. எனக்கு மட்டும் ஏன் பீச்சாங்கையில?"

"அம்மச்சிக்குக் கண் தெரியலைன்னுதானே வந்தது?"

"ஒரு கண்ணுலதாம்மா புரை. இன்னொண்ணு உன் கையத்தான் பாத்துக்கிட்டு இருந்துச்சு."

வயரை மாற்றி மாட்டினாள். இந்தத் தடவை – நார்மல்!

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தப்பாகச் சொன்னபோதும் அது தயங்கவில்லை, சரியாகச் சொன்னபோதும் தயங்கவில்லை. எதை நம்புவது? இரண்டாவது காகிதம் எனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக அது உண்மையாகிவிடுமா?

இரண்டு காகிதத்தையும் மடியில் வைத்துக்கொண்டு, டாக்டர் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

அவர் இரண்டையும் பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். "வயர் மாறினா இப்படித்தான் வரும். நல்லாயிருக்கீங்கம்மா. வியாழக்கிழமை கண்ணுக்கு வாங்க."

அப்புறம்தான் செருப்பைத் தேடினேன்.

மெஷின் எவ்வளவு வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளட்டும். மாட்டினது யார், எப்படி மாட்டினார்கள் என்று நாம்தானே பார்க்க வேண்டியிருக்கிறது...

செல்வி, எழுதிட்டியா? எங்க, மொதல்ல இருந்து வாசி. நான் சொன்னதுதான் அதுல இருக்கான்னு பாக்கணும்.