பௌர்ணமிக்குக் கடையை விட்டுக் கடற்கரைக்கு

எண்பத்தாறாம் வருஷம், ஆவணிப் பௌர்ணமிக்கு முதல் நாள். காலை ஏழு மணிக்குத் திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் மெட்ராஸ் பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்தோம். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். நாங்கள் இரண்டு பேர் மட்டும் சேர்ந்து வெளியூர் போவது இதுதான் முதல் தடவை.

இந்தப் பயணத்தை எங்களுக்குக் கொடுத்தவர் ஹில்டா. ஐம்பது வயதைத் தாண்டிய ஜெர்மன்காரி. மலையடிவாரத்தில் தங்கியிருந்தவருக்கு ஒரு வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்தேன். என் பிறந்த வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எனக்குக் கிடைத்த முதல் மாணவி என் அம்மாவைவிட மூத்தவர். காசு வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டதால், ஊருக்குத் திரும்பும் முன் மாமல்லபுரத்தில் ஒரு பெரிய கடற்கரை ஓட்டலில் எங்கள் பெயருக்கு இரண்டு நாள் அறை எடுத்து வைத்துவிட்டுப் போனார். கடலில் முழு நிலா எழுவதை நாங்கள் பார்க்க வேண்டும் என்று, பார்த்துப் பார்த்துப் பௌர்ணமி நாளாக எடுத்திருந்தார்.

அங்கேதான் சிக்கல். அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையில் எங்களுக்கு டீக்கடை. மாதம் முழுவதும் ஈ ஓட்டினாலும் பௌர்ணமிக்கு மட்டும் அடுப்பு அணையாது. அன்றைக்குப் பார்த்து மகனும் மருமகளும் கிளம்பினால் மாமியாருக்கு எப்படி இருக்கும்? "நெலாவ பாக்க மாமல்லபுரம் போவணுமா, இங்க இன்னா இருட்டாவா கீது?" என்றார். மாமனார்தான், வெளிநாட்டு அம்மா ஆசையாகக் கொடுத்ததை வீணாக்கக் கூடாது என்று அனுப்பி வைத்தார்.

எனக்கு நிலாவைவிடப் பெரிய காரியம் ஒன்று இருந்தது. வேலூரில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. இரண்டு வருஷம், விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். வருகிற திங்கட்கிழமை சேராவிட்டால் இடம் போய்விடும். விஷயத்தை அவரிடம் சொல்லி இருபது நாளாகிவிட்டது. "பாக்கலாம்" என்றவர் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. நானும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. கெஞ்சுவது எனக்கு வராது. அவர் மனசார அனுப்பாமல் போவதற்கும் மனமில்லை. நாலு பேர் நடமாடும் வீட்டில் பேச முடியாததைக் கடற்கரையிலாவது பேசுவார் என்று நம்பிக்கொண்டு போனேன்.

செஞ்சிக் கோட்டை கடந்தது, திண்டிவனத்தில் வெள்ளரிப் பிஞ்சு விற்றார்கள். அவர் வாங்கித் தந்தார். பதினோரு மணிக்குச் செங்கல்பட்டில் இறங்கி வேறு பஸ் பிடித்தோம். அங்கிருந்து மாமல்லபுரம் இருபத்தொன்பது கிலோமீட்டர். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் காற்றில் உப்பு வாசம் வந்தது.

ஓட்டல் ஊருக்கு வெளியே, சவுக்குத் தோப்புக்கு நடுவில் இருந்தது. வாசலில் தலைப்பாகை கட்டியவர் சலாம் வைத்தார். என் வீட்டுக்காரர் பதறிப்போய் இரண்டு கையும் கூப்பி அவருக்குக் கும்பிடு போட்டார். வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணிடம் நான் ஆங்கிலத்தில் பேசினேன். ஹில்டாவோடு பேசிப் பழகிய ஆங்கிலம், தடுக்கவில்லை. நாளுக்கு முந்நூற்றைம்பது ரூபாய் வாடகை என்று பலகையில் போட்டிருந்தது. "கன்னுக்குட்டியே வாங்கிடலாம்" என்றார் இவர், மெதுவாக.

எங்களுக்கு ஒன்பதாம் எண் குடில். ஜன்னலைத் திறந்தால் கடல். குளிக்கும் அறையில் ஆள் நீளத்துக்கு வெள்ளைத் தொட்டி ஒன்று இருந்தது. இவர் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, நாலு மாடு ஒன்றாகத் தண்ணீர் குடிக்கலாம் என்றார். சிரித்தோம். அன்று கடற்கரைக் கோயிலையும் ரதங்களையும் பார்த்தோம். யாரோ சமைத்து, யாரோ பரிமாறி, யாரோ படுக்கை விரித்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து விடியற்காலையில் எழுந்து பால் காய்ச்சாத முதல் காலை மறுநாள் விடிந்தது. அந்தக் காலைக்காக மட்டுமே ஹில்டாவுக்கு ஆயிரம் நன்றி சொல்லலாம்.

வேலூரைப் பற்றி மட்டும் பேச்சே வரவில்லை.

பௌர்ணமியன்று மாலை ஆறு மணி. கடலைப் பார்த்த புல்வெளியில் மேஜைகள் போட்டிருந்தார்கள். மெட்ராஸிலிருந்து வந்த பெரிய கூட்டம் ஒன்று, சில வெளிநாட்டுக்காரர்கள், நாங்கள். எங்கள் ஊர் மலைக்கு மேற்கே இருப்பதால், நிலா மலையைத் தாண்டி எங்களிடம் வர நேரமாகும். இங்கே தண்ணீரிலிருந்தே செம்பு நிறத்தில் எழுந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் பக்கத்து நாற்காலி காலி.

இவர் காலி மேஜைகளில் கிடந்த கண்ணாடித் தம்ளர்களை, விரலுக்கொன்றாகக் கோத்து, ஒரு கையில் ஐந்து ஆறாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பௌர்ணமி இரவில் பல வருஷமாகச் செய்கிற வேலை. நிலா எழுந்ததும் கை தானாகப் போய்விட்டது. நான் கூப்பிடுவதற்குள், மெட்ராஸ் கூட்டத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் இவரைப் பார்த்து விரலைச் சொடுக்கி, இரண்டு காபி, ஒன்றில் சர்க்கரை வேண்டாம் என்றார். இவர் தலையாட்டிவிட்டு உள்ளே போய், தட்டில் இரண்டு காபியோடு வந்து பணிவாக வைத்தார். பெரியவர் நிமிர்ந்தும் பார்க்காமல், தண்ணீர் எங்கே என்று அதட்டினார்.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்துபோய் அந்த மேஜை முன்னால் நின்றேன். எல்லாருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னேன்: "ஐயா, இவர் என் கணவர். நாங்களும் இங்கே விருந்தாளிகள். ஒன்பதாம் எண் குடில்."

பெரியவர் உடனே எழுந்துவிட்டார். முகம் சிவந்து இரண்டு முறை மன்னிப்புக் கேட்டு, எங்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். இவர், "அட, பரவால்லீங்க. எங்க கடையில கேட்டிருந்தா துட்டு வாங்கியிருப்பேன்" என்று சொல்ல, அந்தக் கூட்டமே சிரித்தது. அவர்களோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு மணலில் இறங்கி நடந்தோம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

"எப்படிங்க கொண்டுபோய்க் குடுத்தீங்க?"

"காபி கேட்டாரு, குடுத்தேன். அதுல இன்னா கம்மியாயிடுச்சு?" என்றார். கொஞ்ச தூரம் நடந்தபின் நின்றார். "நான் பயந்தது வேற, வசந்தா."

நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன்.

"எட்டாங்கிளாஸோட நின்னவன் நான். நீ வேலூர் போயி டீச்சராயிடுவ. நாளைக்கு டீச்சருங்க நாலு பேரு நடுவுல நான் வந்து நின்னா, யாரோ ஆளுன்னு பாத்தும் பாக்காத மாதிரி இருந்துடுவியோனு. அதான் வாயே வரல."

"அப்படி நெனச்சீங்களா என்னை?"

"நெனச்சேன். இன்னிக்கு அத்தினி பேரு எதிர்ல வந்து நின்ன பாரு, அதுக்கப்புறம் நெனைக்க முடியல." மணலைக் காலால் தள்ளினார். "திங்கக்கிழமை போய் சேரு. நானே கொண்டாந்து வுடறேன்."

கோபத்தில் வராத அழுகை அப்போது வந்தது. கடை என்னாகும் என்று கேட்டேன். பௌர்ணமிக்கு மட்டும் கூலிக்கு ஒரு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றார், அப்பாவிடம் தானே பேசுவதாகவும் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். அந்தக் கடல் அழகு, அந்தச் சாப்பாடு ருசி, அங்கே வேலை செய்தவர்கள் எல்லாரும் எங்களை மரியாதையாக நடத்தினார்கள். ஆனாலும் செஞ்சி தாண்டி, தூரத்தில் எங்கள் மலை நீலமாகத் தெரிந்தபோது, இரண்டு பேருமே ஜன்னல் பக்கம் சாய்ந்தோம். ஊரில் பேச முடியாததை அங்கே போய்ப் பேசிவிட்டு வந்தோம். இனி ஊரில் பேச வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது.

கடையில் ஏழெட்டுப் பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பையைக்கூட இறக்காமல் இவர் அப்பாவிடம் சொல்லிவிட்டார். மாமனார் வடிகட்டியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "ரெண்டு வருஷமா?"

"ரெண்டு வருஷம் மாமா. முடிச்சதும் இங்கயே பக்கத்துல வேலை கேப்பேன்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த தம்ளருக்குப் பால் ஊற்றினார்.

மாமியார் அன்று முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை ஆட்டுக்கல்லில் உளுந்து போட்டு ஆட்டிக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"திங்கக்கிழமை வேலூருக்கு மொத பஸ்ஸு எத்தினி மணிக்கு? அதுக்குள்ள இட்லி வெந்துடணும்."